எட்டு சிவப்பு, ஒரு கறுப்பு

என் கடைக்கு மீன் வாங்க வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டுல யாரெல்லாம் இருக்காங்க?" என்பதுதான். புதிதாக வருகிறவர்கள் மாமியார், மாமனார், இரண்டு பிள்ளைகள் என்று ஆரம்பிப்பார்கள். "அவங்க இல்ல, தொட்டியில யாரெல்லாம் இருக்காங்க?" என்று நான் அதட்டிய பிறகுதான் விஷயத்துக்கு வருவார்கள். அதற்குப் பதில் தெரியாமல் ஒரு குஞ்சைக்கூட நான் பையில் கட்டித் தரமாட்டேன்.

மொங்கொக் பேட்டையில் எங்கள் தெரு முழுக்க வளர்ப்பு மீன்கடைகள். மீனைத் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் விட்டு, காற்றை நிரப்பி, ரப்பர் வளையம் போட்டு, வாசல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்போம். காய் பறிக்கிற மாதிரி கையை நீட்டிப் பறித்துக்கொண்டு போகலாம். மற்ற கடைகளில் அப்படித்தான் போகிறார்கள், நன்றாகப் போகட்டும். என்னிடம் வந்து தங்கமீனோடு போடப் புலிவரி மீன் கேட்பான் ஒருத்தன். அது சுத்த ரவுடி, இருக்கிற வாலையெல்லாம் கடித்துக் கந்தலாக்கிவிடும். ஏஞ்சல் மீன் அழகாக இருக்கிறதே என்பாள் ஒருத்தி. அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் வேண்டும், தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர்; இரண்டையும் ஒரே தொட்டியில் போட்டால் யாராவது ஒருவர் தினம் தினம் கஷ்டப்படவேண்டியதுதான். கண்ணாடிப் பாசியைத் தின்னுமே என்று சக்கர் மீன் கேட்பார்கள். பாசி அலுத்துப்போனதும் அது தங்கமீனின் விலாவிலேயே வாயை வைத்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அங்கே புண் வந்துவிட்டது, மருந்து கொடு என்று என்னிடமே வந்து நிற்பார்கள்.

"லாய்ஃபோங் கடையில மீன் வாங்குறதவிட அவ பொண்ணக் கேட்டுக் கட்டிக்கிறது சுலபம்" என்பான் எதிர்க்கடை லோ. எனக்குப் பெண்ணே கிடையாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். லோ ஆமை விற்கிறவன். ஆமைக்குத் துணையாகத் தங்கமீன் போடலாமா என்று அவன் கடையில் யாராவது கேட்டால், "தாராளமா போடலாம், ஒரு வாரத்துக்கு சாப்பாட்டுக் கவலையில்ல" என்பான். மனசாட்சி இல்லாதவன், ஆனால் பொய் சொல்லாதவன்.

சௌஹா அக்காவுக்கும் நான் அதே கேள்வியைத்தான் போட்டேன். ஷாம்ஷுய்போவில் அரசாங்கக் குடியிருப்பில் கணவரோடு இருக்கிறவள். கணவர் பெயர் தாம்; டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை.

"எட்டு தங்கமீன் இருக்கு. எட்டும் சிவப்பு. வீட்டு ராசி பாத்துச் சொல்ற பெரியவரு குடுத்துவிட்டாரு. ஒம்பதாவதா கறுப்பு ஒண்ணு வேணும்" என்றாள்.

எங்கள் ஊரில் இதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். எட்டு சிவப்பு செல்வத்துக்கு, ஒரு கறுப்பு பீடைக்கு. வீட்டுக்கு வருகிற கெடுதலைக் கறுப்பு மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டு செத்துப்போகும். செத்தால் அழக்கூடாது. நன்றி சொல்லிவிட்டு வேறொன்று வாங்கிவிட வேண்டும். தங்கமீனோடு தங்கமீன் சேர்கிறது, எனக்கென்ன ஆட்சேபம்? நல்ல முட்டைக்கண்ணன் ஒன்றைக் கொடுத்தனுப்பினேன். முட்டைக்கண்ணன் என்றால் கரிக்கறுப்பு, உருண்டை உடம்பு, பெரிய வால். கண் இரண்டும் பக்கவாட்டில் பிதுங்கிக்கொண்டிருக்கும், ஆனால் பார்வை ரொம்ப மட்டம். அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நாளில் அக்கா திரும்பி வந்தாள். கையில் முட்டைப் பணியாரப் பெட்டி, முகமெல்லாம் சிரிப்பு.

"போயிடுச்சு லாய்ஃபோங்! நேத்துக் காலையில பாத்தா மல்லாந்து கெடக்குது. அன்னைக்குச் சாயங்காலமே காத்துல ஒரு கடைப் பலகை பிச்சுக்கிட்டு இவரு நடந்து வந்த எடத்துக்குப் பின்னாடி ரெண்டடி தள்ளி விழுந்திருக்கு. ரெண்டடி! உன் மீனுதான் வாங்கிக்கிச்சு!"

இன்னொன்று வாங்கிப் போனாள். அது செத்த வாரம் தாம் குளியலறையில் வழுக்கி விழுந்தார், ஒரு எலும்புகூட உடையவில்லை. மூன்றாவது செத்தபோது இரவெல்லாம் எரிவாயு கசிந்திருந்தும் வீட்டில் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு முறையும் பணியாரம், ஒவ்வொரு முறையும் "உன் கைராசி, உன் கைராசி" என்று புகழ்ச்சி. நான் விற்ற மீன் செத்ததற்காக என்னைப் பாராட்டிய ஒரே மனுஷி அவள்தான். எனக்கு அந்தப் பணியாரம் தொண்டையில் இறங்கவில்லை. என் கடை மீன் அப்படிச் சாகிற மீன் இல்லை. ஆனால் பலகை விழுந்தது நிஜம், எலும்பு உடையாததும் நிஜம். நானும் இந்த ஊரில் பிறந்தவள்தான், என் கடை வாசலிலும் மண்சாமிக்கு ஆரஞ்சுப் பழம் வைத்திருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். எனக்கு அது எவ்வளவு சிரமமான காரியம் என்பதை லோவிடம் கேட்டால் சொல்வான்.

நான்காவது மீன் கேட்டு வந்தபோது அவள் சிரிக்கவில்லை. தொங்குகிற பைகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தாள்.

"இந்தத் தடவ கொஞ்சம் நோஞ்சானா ஒண்ணு குடேன்."

"எதுக்கு?"

"அவருக்கு நெஞ்சுல வால்வு மாத்தணும்னு சொன்னேன்ல? இத்தன வருஷம் காத்துக்கெடந்து இப்பத்தான் தேதி வந்திருக்கு. அடுத்த மாசம். அதுக்கு முன்னாடி இது போயிடணும். நீ பாட்டுக்குத் திடமா ஒண்ணக் குடுத்தேன்னா இழுத்துக்கிட்டுக் கெடக்கும்ல?"

எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது. "இது மீன்கடை அக்கா, சவக்கிடங்கு இல்ல. சாகுறதுக்குன்னு பொறுக்கி எடுத்து விக்கிற எடம் வேற எங்கயாச்சும் இருந்தா அங்க போ!"

லோ அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தான். "எங்கிட்ட அனுப்பு லாய்ஃபோங். என் பெரிய ஆமைகிட்ட விட்டா அர மணியில முடிஞ்சுரும்!"

"நீ வாய மூடு!" என்று அவனுக்கு ஒரு கத்து கத்திவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கி நின்றாள். கெட்ட மனசு கிடையாது, பயம். அவளுக்கு அந்த மனுஷனை விட்டால் யாரும் இல்லை. எனக்குக் கோபம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டது.

"சரி, அழாத. ஆனா உன் தொட்டிய நான் கண்ணால பாக்காம இனிமே ஒரு மீனும் தரமாட்டேன். நாளைக்குக் காலையில கடை தொறக்குறதுக்கு முன்னாடி வர்றேன்."

அவர்கள் வீடு பதினோராவது மாடியில். ஒரே அறை. மடக்கு மேசை, அடுக்குக் கட்டில், கதவைத் திறந்தவுடன் இடதுபுறம் தொட்டி. தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் தாம் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்புக்காரர், கால் இரண்டும் வீங்கியிருந்தன. ஒரு வாக்கியம் பேசினால் அடுத்த வாக்கியத்துக்கு மூச்சைத் தேட வேண்டியிருந்தது.

"வாம்மா. எங்க வீட்டுக்குக் காவல்காரன அனுப்புறது நீதானா? எல்லாரும் நல்லா வேல பாத்தாங்க. ஆனா ஒருத்தனும் லீவு சொல்லிட்டுப் போகல" என்று சிரித்தார். எனக்கு அந்த நிமிஷமே அவரைப் பிடித்துவிட்டது.

தொட்டியைப் பார்த்தேன். எட்டும் சிவப்புத்தான், எட்டும் தங்கமீன்தான். ஆனால் எல்லாம் நீட்டு உடம்பு, ஒற்றை வால். கோயில் குளத்தில் விடுகிற சாதி. குறுக்கும் நெடுக்கும் அம்பு மாதிரி பாய்ந்துகொண்டிருந்தன. நான் கொண்டுபோயிருந்த முட்டைக்கண்ணனைப் பையோடு கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, பிறகு உள்ளே விட்டேன்.

"சாப்பாடு போடுங்கண்ணே, பாக்கலாம்" என்றேன்.

தாம் ஒரு சிட்டிகை தூவினார். தண்ணீர் கொதித்த மாதிரி ஆயிற்று. எட்டும் மேலே பாய்ந்து, முட்டி மோதி, கண் மூடித் திறப்பதற்குள் துடைத்து வைத்துவிட்டன. முட்டைக்கண்ணன் தன் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அசைந்து அசைந்து வந்து சேர்ந்தபோது அங்கே வெறும் தண்ணீர். அது நின்று யோசித்தது. பிறகு கீழே போய்க் கூழாங்கல்லை வாயில் போட்டுத் துப்பியது. இன்னொரு கல்லை எடுத்துத் துப்பியது. தாம் மறுபடி தூவினார், மறுபடியும் அதே கதை.

என் மூன்று மீன்களும் பட்டினியில் செத்திருக்கின்றன. பீடையும் இல்லை, பலகையும் இல்லை. ஓட்டப்பந்தயக்காரர்கள் எட்டுப் பேரோடு கண் தெரியாத ஒரு குண்டனை ஒரே தட்டில் சாப்பிட வைத்தால் என்ன ஆகும்? வேறு எந்த ஊராக இருந்தாலும் முதல் மீன் செத்தபோதே ஏன் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கறுப்பு மீன் செத்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, பணியாரம் வாங்கிக்கொடுப்பார்கள்.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது தாம் தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "டிராம் ஓட்டுனப்ப ராத்திரி கடைசி வண்டி எனக்குப் பயமே கெடையாது. இப்ப படுத்தா மூச்சு நின்னுடுமோன்னு பயமா இருக்கு. இவன் ஒருத்தன் முழிச்சுக்கிட்டு இருக்கான்னு நெனச்சாத்தான் கண்ணு மூடுது."

நெஞ்சைப் பிளக்கப் போகிற மனுஷனிடம் போய், உன் காவல்காரன் ஒவ்வொருத்தனும் சோறில்லாமல் செத்தான் என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் நீளம்தான், அவ்வளவு நீளம் இல்லை. மீனையும் காப்பாற்ற வேண்டும், அவர் தூக்கத்தையும் கெடுக்கக்கூடாது. எனக்கு வழி தெரியாமல் போகுமா?

"அண்ணே, செல்வத்துக்குன்னு வச்ச மீனு இப்படி ஈர்க்குச்சியாட்டம் இருந்தா செல்வம் எங்கேருந்து வரும்? வயிறு உருண்டையா இருக்க வேணாமா?" என்றேன்.

தாம் தொடையில் தட்டினார். "பாத்தியா சௌஹா! அதான் இத்தன வருஷமா ஒரு லாட்டரிகூட விழல!"

அன்றே எட்டு ஓட்டக்காரர்களையும் வாளியில் அள்ளி, எனக்குத் தெரிந்த மடத்துக் குளத்துக்கு அனுப்பிவிட்டேன். அங்கே அவை இஷ்டம்போல் ஓடட்டும். அவற்றுக்குப் பதில் என் பின்கட்டுத் தொட்டியில் ரொம்ப நாளாக இருந்து, நோய்நொடி இல்லை என்று எனக்குத் தெரிந்த எட்டைப் பொறுக்கினேன். எல்லாம் சிவப்பு, இரட்டை வால், பந்து மாதிரி வயிறு, ஒன்றைவிட ஒன்று சோம்பேறி. முட்டைக்கண்ணனுக்கு ஏற்ற சபை. மூழ்குகிற தீனியை நனைத்து ஒரே மூலையில் போடச் சொல்லிக்கொடுத்துவிட்டு, கடைக்குத் திரும்பி லோவிடம் அரை மணி நேரம் பெருமையடித்தேன்.

இங்கேதான் நான் ஒன்றைக் கணக்குப் போடாமல் விட்டேன். மீன் பிழைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை.

முட்டைக்கண்ணன் பிழைத்தது மட்டுமில்லை, கொழுத்தது. தாம் அதற்குக் கறுப்பன் என்று பெயர் வைத்தாராம். அதற்கு முன்னால் எந்தக் கறுப்பு மீனும் பெயர் வைக்கிற அளவு உயிரோடு இருந்ததில்லை. அவர் விரலை நீரில் வைத்தால் கறுப்பன் வந்து விரல் நுனியை உறிஞ்சுமாம். அக்கா ஒருமுறை காய் வாங்க எங்கள் தெருப் பக்கம் வந்தபோது இதையெல்லாம் சொன்னாள். எனக்கு வாயெல்லாம் பல். அவள் முகம் மட்டும் ஏன் இருண்டு கிடந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

மருத்துவமனைக்குப் போக இரண்டு நாள் இருக்கும்போது, கடை வாசலில் வந்து நின்றாள். கையில் பை. பைக்குள் கறுப்பன்.

"அவரு போக மாட்டேங்குறாரு லாய்ஃபோங்."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்குத்தான். 'கறுப்பன் கல்லாட்டம் இருக்கான். அப்ப எனக்கு வர்ற கெடுதல் இன்னும் வரல. வீட்டுக்குள்ளயே எங்கயோ நிக்குது. இந்த நேரத்துல போயி நெஞ்சத் தொறந்து காட்ட நான் என்ன முட்டாளா'ங்குறாரு. ஒரு வாரமா கெஞ்சுறேன். டாக்டரு என்ன சொன்னாரு தெரியுமா? இந்தத் தேதிய விட்டா வரிசையில கடைசிக்குப் போயிடுவாரு. அதுவரைக்கும் இந்த நெஞ்சு தாங்காதுன்னு நேராவே சொல்லிட்டாரு."

நன்மை செய்கிறேன் என்று போய் நானே அந்த மனுஷனுக்கு வாசலைச் சாத்திவிட்டு வந்திருக்கிறேன். உள்ளே இழுத்து உட்காரவைத்தேன்.

"இவன ஏன் தூக்கிட்டு வந்த?"

"காலையில அவரு தூங்கிட்டு இருந்தாரு. வலையில அள்ளி எடுத்தேன். தண்ணிக்கு வெளியில ரெண்டு நிமிஷம் வச்சா முடிஞ்சிரும்னு நெனச்சேன். முடியல. என்னயே பாத்துக்கிட்டு வாயத் தொறந்து தொறந்து மூடுது. திரும்பத் தண்ணியில போட்டுட்டு அழுதேன். நீ வச்சுக்க. செத்துப்போச்சுன்னு அவருகிட்ட சொல்லிடுறேன்."

"நீ நம்புறியாக்கா, இதெல்லாம்?"

"நம்புறனா இல்லையான்னு எனக்கே தெரியல. எனக்கு அவரு வேணும். அவ்வளவுதான்."

நான் பையை வாங்கிக்கொண்டேன். பொய் சொல்வது தப்பா சரியா என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த சின்னத் தொட்டியில் கறுப்பனை விட்டேன். லோ எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன, உன் மீனு தலைமறைவா?" என்றான். விஷயத்தைச் சொன்னதும் அவனும் சிரிக்கவில்லை.

பொய் பலித்தது. அன்று சாயங்காலமே அக்கா தொலைபேசியில் சொன்னாள். கறுப்பன் போய்விட்டான் என்று கேட்டதும் தாம் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாராம். எனக்கு அப்பாடா என்றிருந்தது. எல்லாம் நான் போட்ட கணக்குப்படி நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் பகலில் கடை வாசலில் ஒரு டாக்ஸி வந்து நின்றது. இறங்கியவர் தாம்.

டாக்ஸிக் கதவிலிருந்து என் ஸ்டூலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நின்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிக்கவே நேரம் பிடித்தது. நான் என் முதுகால் சின்னத் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க எதுக்குண்ணே இந்த வெயில்ல? அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ சந்தைக்குப் போயிருக்கா. தெரியாது. தெரியவும் வேணாம். எனக்கு ஒரு கறுப்பு வேணும்மா."

"எதுக்கு? அதான் கறுப்பன்..." என்று இழுத்தேன்.

"அவன் என்னோடத வாங்கிட்டுப் போயிட்டான். நாளைக்கு நான் போயிடுவேன். அப்புறம் அவ அந்த வீட்டுல தனியா இருப்பா. ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா? எனக்குக் காவல் இருந்துச்சு. அவளுக்கு வேணாமா?"

மொங்கொக் தெருவில் என்னை வாயடைக்க வைத்தவர் அதற்கு முன் யாருமில்லை. "கறுப்பு இப்ப சரக்கு இல்லண்ணே. வெள்ளிக்கிழமதான் வரும்" என்றேன். அது உண்மையும்கூட. பையில் ஒன்றும் தொங்கவில்லை.

"அப்ப உனக்குப் பின்னால இருக்கிறது?"

அவர் டிராம் ஓட்டியவர், நாலு பக்கமும் பார்க்கிற கண் அது. எழுந்து வந்து என்னை மெல்லத் தள்ளினார். கறுப்பன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தான். தாம் விரலை நீரில் வைத்தார். கறுப்பன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அந்த விரலைப் பிடித்து உறிஞ்ச ஆரம்பித்தான்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இவர் இப்போது வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பையைப் பிரித்துவிடுவார், அக்கா தலையில் அடித்துக்கொள்வாள், தேதி போய்விடும். எல்லாம் என்னால்.

"அவளா கொண்டாந்து குடுத்தா?" என்று கேட்டார்.

"ஆமாண்ணே. கொல்லத்தான் தண்ணிக்கு வெளியில எடுத்தா. முடியல அவளால, அழுதுட்டா."

"அவளால முடியாது. கரப்பான்பூச்சியக் கூட முறத்துல அள்ளி வெளிய விடுவா." விரலை எடுக்காமலே நின்றார். "அப்ப எனக்கு வர்றது இன்னும் வரல."

இனிமேல் மூடி மறைக்க எனக்குத் தெம்பில்லை. உள்ளதைச் சொல்லிவிட்டேன். "உங்களுக்கு வர்றத எந்த மீனும் வாங்கலண்ணே. முன்னாடி செத்த மூணும் சோறில்லாம செத்துச்சு. அந்த எட்டும் வேகமா ஓடுற சாதி, இவனுங்களுக்குக் கண்ணும் தெரியாது, ஓடவும் வராது. ஒரு வாய் கெடைக்கல. நான் வந்தன்னைக்கே பாத்தேன். நீங்க படுத்தாத் தூக்கம் வருதுன்னு சொன்னீங்களேன்னு வாய மூடிக்கிட்டேன். எட்டையும் மாத்தினதும் இவன் பொழச்சுக்கிட்டான். அவ்வளவுதான் கதை."

"மூணுமா?"

"மூணும்."

"நான் தெனம் ரெண்டு வேள கையால போட்டேனே."

"போட்டீங்க. அதுங்களுக்குப் போய்ச் சேரல."

அவர் முகத்தில் நான் கோபத்தை எதிர்பார்த்தேன். வரவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். "பாவம்" என்றார். பிறகு தலையைத் தூக்கினார். "அப்ப பலகை விழுந்தப்ப?"

"ரெண்டடி தள்ளி விழுந்துச்சு. அவ்வளவுதான்."

"குளியலறையில?"

"உங்க எலும்பு கெட்டி."

"கேஸு கசிஞ்சது?"

"ஜன்னல் தொறந்திருந்திருக்கும்."

"அவதான் தொறந்து வைப்பா. குளிர்ல கூட. அதுக்காகத் தெனம் சண்ட போடுவேன்." அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அப்ப இத்தன நாளும் காவல் யாருமில்ல" என்றார்.

"யாருமில்லண்ணே."

"யாருமில்லாமத்தான் இவ்வளவு தூரம் ஓட்டியிருக்கேன்."

டாக்ஸியைக் கூப்பிடச் சொன்னார். வண்டி வருவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார். "இவன் இங்கயே இருக்கட்டும். அவகிட்ட எதுவும் சொல்லாத. நான் நம்பிப் போறேன்னே அவ நெனச்சுக்கட்டும். உண்மை தெரிஞ்சா நான் பயந்துகிட்டுப் போறேனோன்னு அவ பயப்படுவா. அது வேற எதுக்கு?"

"பயமா இல்லையாண்ணே?"

"இல்லாம இருக்குமா? தொட நடுங்குது. ஆனா அவ ஒரு மீனத் தண்ணிக்கு வெளியில பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கா. அதுக்கப்புறம் போகலன்னா நான் என்ன மனுஷன்?" டாக்ஸி வந்து நின்றது. எழுந்தவர் திரும்பினார். "கறுப்பு கெடைக்கலயே. அவளுக்கு யாரு?"

"நான் போறேன். நாளைக்கு முழுக்க அவகூட உக்காந்திருக்கேன். இது போதுமா, இல்ல கறுப்புச் சாயம் பூசிக்கிட்டுப் போகணுமா?" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறினார். வண்டி திரும்பியதும் நான் பின்கட்டுக்குப் போய் அழுதேன். சத்தமில்லாமல் அழ எனக்குத் தெரியாது, லோ வந்து கதவைத் தட்டினான்.

அறுவை சிகிச்சை நடந்த நாள் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டு அக்காவோடு ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தேன். அன்னாசி பன்னை ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றோம். அவள் பேசவில்லை, நான் பேசிக்கொண்டே இருந்தேன். எந்த மீனோடு எந்த மீன் சேரும், சேராது என்று அவளுக்கு அன்றைக்கு நான் சொல்லாதது ஒன்றுமில்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, நன்றாக முடிந்தது, நாளைக்குப் பேசலாம் என்றார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பார்வை நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். நான் வெளியே நின்றேன். அவள் போய்ச் சீக்கிரமே திரும்பி வந்தாள். முகம் ஒரு மாதிரி இருந்தது. சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"என்னக்கா? பேசுனாரா?"

"பேசுனாரு. கொழாய எடுத்துட்டாங்க. கொரலே இல்ல. காதக் கிட்ட வச்சுக் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'கறுப்பன் உன் சிநேகிதி கடையில ஒழுங்கா சாப்பிடுறானா'ன்னு கேட்டாரு."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மயக்கம் தெளியாத மனுஷன் உளறிவிட்டார்.

அக்கா என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "செத்துப்போச்சுன்னுதானே அவருகிட்ட சொன்னேன்? அவருக்கு எப்படித் தெரியும்?"

"கடைக்கு வந்தாருக்கா. முந்தாநேத்து. அவன உசுரோட பாத்துட்டாரு. முன்னாடி செத்த மூணும் எதையும் வாங்கல, பட்டினியிலதான் செத்துச்சுன்னு நானே சொல்லிட்டேன்."

"முந்தாநேத்தா? அப்ப எந்தக் காவலும் இல்லன்னு தெரிஞ்சுமா நேத்து உள்ள போனாரு? கைய ஆட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு?"

"தெரிஞ்சுதான்க்கா போனாரு."

அவள் என் கையில் ஓங்கி ஓர் அடி போட்டாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற நர்சுகளெல்லாம் நின்று பார்க்கும்படி அழுதாள்.